கேப்பிலரி எலக்ட்ரோபோரசிஸ்: குழாயின் உள்சுவருக்கு எந்தப் பூச்சு?

முடிபோல மெல்லிய குழாயில் (கேப்பிலரி) கரைசலை நிரப்பி, இரு முனைகளுக்கும் மின்னழுத்தம் கொடுத்து மூலக்கூறுகளைப் பிரிப்பதுதான் கேப்பிலரி எலக்ட்ரோபோரசிஸ். புரதம் பிரிக்கப் போகிறோம், ஆகவே பூச்சு உள்ள கேப்பிலரி ஒன்றை வாங்கிவிடலாம் என்று நினைத்துத்தான் பலரும் கேட்டலாக்கைத் திறக்கிறார்கள். விலையைப் பார்த்ததும் கொஞ்சம் தயக்கம் வரும். அப்புறம் ஆர்டர் போய்விடும். பல நேரம் அந்தச் செலவே தேவையிருக்காது. உண்மையிலேயே தேவைப்படும் வேலைக்கோ, வந்து சேர்ந்தது வேறு வகைப் பூச்சாக இருக்கும். பூச்சின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். குழாய்க்குள் திரவம் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக ஓட வேண்டும்? நம் மாதிரி சுவரில் ஒட்டுமா? இரண்டும் தனித்தனிச் சிக்கல்கள். ஒரே பூச்சு சில நேரம் இரண்டையும் தீர்த்துவிடுவதால் நாம் அவற்றைச் சேர்த்தே நினைக்கப் பழகிவிட்டோம்.

ஃபியூஸ்டு சிலிக்கா குழாயின் உள்விட்டம் பெரும்பாலும் 50 அல்லது 75 மைக்ரான். உள்சுவர் முழுக்க சிலனால் தொகுதிகள். பி.எச் 3-க்கு மேலே போகப் போக அவை புரோட்டானை இழந்து எதிர்மின்னூட்டம் பெறும். அதை ஈடுகட்ட பஃபரில் உள்ள நேர் அயனிகள் சுவரை ஒட்டித் திரளும். 20, 30 கிலோவோல்ட் கொடுத்ததும் அந்த அயனிகள் எதிர்மின்முனையை நோக்கி நகர்ந்து, குழாயில் உள்ள மொத்தத் திரவத்தையும் கூடவே இழுத்துச் செல்லும். ஆய்வகத்தில் ஈஓஎஃப் என்று சொல்லும் மின்சவ்வூடு ஓட்டம் இதுதான். பம்ப் தள்ளும் ஓட்டம் நடுவில் வேகமாகவும் ஓரத்தில் மெதுவாகவும் போகும். ஈஓஎஃப் கிட்டத்தட்ட தட்டையாகப் போவதால், டிடெக்டரில் ஒவ்வொரு பொருளுக்கும் எழும் பீக் (முகடு) அகலாது. 1981-இல் ஜோர்கென்சனும் லூகாக்ஸும் 75 மைக்ரான் கண்ணாடிக் குழாயில் செய்து காட்டியதிலிருந்து இந்த முறையின் பெரிய வசதி இதுதான்.

வேகத்தை எண்ணில் பார்த்தால் முடிவெடுப்பது எளிது. அசைவுத்திறன் என்பது குறிப்பிட்ட மின்புலத்தில் ஒன்று நகரும் வேகம். அதன் அலகு நீளமானது: வோல்ட்-நொடிக்கு இத்தனை சதுர சென்டிமீட்டர், அதுவும் பத்தாயிரத்தில் ஒரு பங்குகளாக. இனி எண்ணை மட்டும் சொல்கிறேன். வெறும் சிலிக்காவில் பி.எச் 9 பக்கம் ஓட்டம் சுமார் 5. பி.எச் 3-க்கு இறக்கினால் 1-க்குப் பக்கத்திலோ அதற்கும் கீழேயோ விழுந்துவிடும். சென்டிமீட்டருக்கு 300 வோல்ட் புலத்தில் 5 என்பது நொடிக்கு 1.5 மில்லிமீட்டர். டிடெக்டர் வரை 50 செ.மீ. என்றால் ஐந்தரை நிமிடத்தில் திரவம் அங்கே வந்துவிடும். நல்ல நடுநிலைப் பூச்சு இதை 0.1-க்குக் கீழே கொண்டுவரும். அப்போது அதே தூரத்துக்கு நாலரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ஓட்டம் நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.

இப்போது குளோரைடை எடுத்துக்கொள்வோம். அதன் அசைவுத்திறன் 7.9, நேர்மின்முனையை நோக்கி. வழக்கமான முனை அமைப்பில் (டிடெக்டர் பக்கம் எதிர்மின்முனை) ஓட்டம் 5-ஆல் டிடெக்டர் பக்கம் இழுத்தாலும், குளோரைடு 2.9 வேகத்தில் பின்னால் போய் உள்வாய்க் குப்பிக்குள்ளேயே விழுந்துவிடும். முனையை மாற்றிப் போட்டால் குளோரைடு பத்து நிமிடம் போல எடுத்து வந்துவிடும். ஆனால் 4.2 மட்டுமே உள்ள அசிடேட் வரவே வராது. ஓட்டம் அதை எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். முனையோடு சேர்த்து ஓட்டத்தின் திசையையும் திருப்பினால் இரண்டும் கூடிக்கொள்ளும்: குளோரைடு இரண்டு நிமிடத்திலும் அசிடேட் மூன்று நிமிடத்திலும் வந்துவிடும். இந்த மாதிரியில் சுவரில் ஒட்டுவது எதுவும் இல்லை. பூச்சின் ஒரே வேலை திசையைத் திருப்புவது. அதற்கு விலையுயர்ந்த குழாய் எதற்கு? பஃபரில் அரை மில்லிமோலார் அளவில் சீட்டாப் அல்லது டீட்டாப் என்ற சர்ஃபாக்டன்டைச் (சோப்பு போலத் தலையும் நீண்ட வாலும் கொண்ட பொருள்) சேர்த்தால் போதும். அதன் நேர்மின் தலைகள் சுவரில் இரட்டை அடுக்காகப் படிந்து மின்னூட்டத்தைத் தலைகீழாக்கிவிடும். தண்ணீரில் நைட்ரேட், சல்பேட் அளக்கக் குரோமேட் பஃபரோடு இந்த வழியைத்தான் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறார்கள்.

புரதத்தில் கதை வேறு. நேர்மின்னூட்டம் கொண்ட புரதம் எதிர்மின்னூட்டச் சுவரில் ஒட்டும். பீக்குக்கு வால் முளைப்பதோடு அது நிற்காது. உள்வாய்ப் பக்கம் ஒட்டிய புரதம் அந்த இடத்துச் சுவரின் மின்னூட்டத்தையே மாற்றிவிடும். குழாயின் ஒரு துண்டில் ஒரு வேகம், இன்னொரு துண்டில் இன்னொரு வேகம் என்றாகும்போது அந்தத் தட்டையான ஓட்டம் கெட்டு, ஒட்டாத பொருள்களின் பீக்கும் அகலும். அடுத்த முறை ஓட்டும்போது பீக் வரும் நேரம் நகர்ந்திருக்கும். அதற்கடுத்ததில் இன்னும் நகரும்.

பிரிதிறன் பக்கத்திலிருந்தும் ஒரு கணக்கு இருக்கிறது. பீக் அகல்வதற்கு விரவல் (டிஃப்யூஷன்) மட்டுமே காரணம் என்று வைத்துக்கொண்டால், பிரிதிறன் என்பது மாதிரியின் அசைவுத்திறனையும் ஓட்டத்தையும் கூட்டிய தொகையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். புரதம் 1, ஓட்டம் 5 என்றால் தொகை 6. ஓட்டத்தை நிறுத்தினால் 1. பிரிதிறன் ஏறத்தாழ 2.4 மடங்கு கூடும். நேரம் 6 மடங்கு ஆகும். எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் ஓட்டம் வைத்தால் பிரிதிறன் இன்னும் ஏறும், நேரமும் ஏறும். இலவசமாக எதுவும் கிடைக்காத இடம் இது. தினம் நூறு மாதிரி ஓட்டும் ஆய்வகமும், இரண்டே ஐசோஃபார்ம்களை (ஒரே புரதத்தின் சற்றே வேறுபட்ட வடிவங்கள்) பிரிக்கத் தவிக்கும் ஆய்வகமும் ஒரே பூச்சை விரும்பக் காரணமே இல்லை.

வெறும் குழாயே போதுமா?

பெரும்பாலானவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: வெறும் குழாயில் முயன்று பாருங்கள். செபியா நிறுவனத்தின் கேப்பிலரிஸ் கருவி ஹீமோகுளோபின் வகைகளைப் பி.எச் 9.4-இல் பிரிக்கிறது. ஹீமோகுளோபினின் ஐசோஎலக்ட்ரிக் புள்ளி (மொத்த மின்னூட்டம் பூஜ்யமாகும் பி.எச்) 7 பக்கம், 9.4-இல் அது எதிர்மின்னூட்டம் பெற்றுச் சுவரிலிருந்து தானே விலகி நிற்கும். வலுவான ஓட்டமோ அதை வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஓட்டத்தை ஒழிக்காமல் அதையே வேலைக்கு வைத்துக்கொண்ட வடிவமைப்பு இது.

சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் புரதமான எரித்ரோபாய்ட்டின் இன்னும் சுவையான உதாரணம். ஐரோப்பிய மருந்துத் தரநூல் இதன் ஐசோஃபார்ம்களைப் பிரிக்கக் கேட்பது வெறும் குழாய்தான். பஃபரில் ட்ரைசின், சோடியம் குளோரைடு, சோடியம் அசிடேட், 7 மோலார் யூரியா, அதோடு 2.5 மில்லிமோலார் புட்ரெசின், பி.எச் 5.55. நேர்மின்னூட்டம் கொண்ட சிறு மூலக்கூறான புட்ரெசின் சிலனால்களை மூடி ஓட்டத்தைத் தளர்த்துகிறது. சியாலிக் அமிலம் (எதிர்மின்னூட்டம் கொண்ட சர்க்கரை) நிறைந்த எரித்ரோபாய்ட்டின் எதிர்ப்பக்கம் நகரப் பார்க்கும், தளர்ந்த ஓட்டம் அதை மெல்ல முன்னுக்கு இழுக்கும். அந்த இழுபறியில்தான் ஒரே ஒரு சியாலிக் அமில வித்தியாசம் உள்ள ஐசோஃபார்ம்கள் விலகித் தெரிகின்றன. ஒருமுறை ஓட்டி முடிக்க ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும் என்பதுதான் அதற்கான கூலி.

மோனோகுளோனல் ஆன்ட்டிபாடிகளின் மின்னூட்ட வகைகளுக்கு மருந்து நிறுவனங்கள் பரவலாக எடுத்துக்கொண்ட முறையும் இதே வழியில் வந்ததுதான்: 400 மில்லிமோலார் எப்சிலான்-அமினோகப்ராயிக் அமிலம், 2 மில்லிமோலார் ட்ரைஎத்திலீன்டெட்ராமைன், கொஞ்சம் ஹெச்பிஎம்சி (செல்லுலோஸ் வகைப் பாலிமர்), பி.எச் 5.7. எல்லாமே அலமாரியில் இருக்கும் பொருள்கள். தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்துக்கு இது பெரிய விஷயம். ஒரே ஒரு நிறுவனத்தின் பூச்சுக் குழாயை நம்பி முறையை வேலிடேட் செய்துவிட்டு, அந்த நிறுவனம் தயாரிப்பை மாற்றினால் என்ன செய்வது? வெறும் குழாயும் அமினும் அந்தக் கவலையைத் தருவதில்லை.

டிஎன்ஏவுக்குச் சுவரில் ஒட்டும் சிக்கலே இல்லை; அதுவும் எதிர்மின்னூட்டம், சுவரும் எதிர்மின்னூட்டம். ஓட்டத்தை மட்டும் அடக்கினால் போதும். தடயவியல் ஆய்வகங்களில் ஓடும் ஏபிஐ கருவிகளின் பாப்-4 பாலிமர் இதைத்தான் செய்கிறது: அதில் உள்ள பாலிடைமெத்தில்அக்ரிலமைடு, டிஎன்ஏ துண்டுகளைச் சல்லடை போலப் பிரிக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டே சுவரிலும் படிந்துகொள்கிறது. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் புது பாலிமர் நிரம்புவதால் பூச்சும் புதிதாகிறது. எஸ்டிஎஸ் என்ற சர்ஃபாக்டன்டோடு பிணைத்துப் புரதத்தை அளவுவாரியாகப் பிரிப்பதற்கும் வெறும் குழாய் போதும்; அங்கே பாகுத்தன்மை மிகுந்த ஜெல்லே ஓட்டத்தை அடக்கிவிடும், நடுவில் சோடியம் ஹைட்ராக்சைடும் அமிலமும் விட்டுக் கழுவிக்கொள்ளலாம்.

பஃபரோடு கலந்து போகும் இந்த வகைப் பூச்சின் குறை ஒன்றுதான், ஆனால் பெரிது. சேர்த்த பொருள் எப்போதும் பஃபரிலேயே இருந்தாக வேண்டும். மாதிரியோடு அது வினைபுரியலாம். சீட்டாப் புரதத்தோடு பிணையும், எஸ்டிஎஸ்ஸோடு சேர்ந்தால் வீழ்படிவாகும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் (மூலக்கூறின் நிறையை அளக்கும் கருவி) பக்கம் போனால் நிலைமை இன்னும் மோசம். சர்ஃபாக்டன்ட் அயனி மூலத்துக்குள் போனால் சிக்னலை விழுங்கிவிடும். சுத்தம் செய்ய ஒரு நாள் போகும்.

பூசி, கழுவி, ஓட்டும் பூச்சுகள்

என் விருப்பம் பெரும்பாலும் இந்த நடுவகைதான். பூச்சுப் பொருளைக் குழாயில் விட்டு, மிச்சத்தைக் கழுவிவிட்டு, அது இல்லாத பஃபரில் ஓட்டுவது. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிக்கிற சுவர் மாதிரி, உரியும் என்று தெரிந்தே அடிப்பது. உரிந்தால் மறுபடி அடித்துக்கொள்ளலாம்.

இதில் எளிமையானது பாலிபிரீன். ஹெப்பாரினை முறிக்கவும், வைரஸை செல்லுக்குள் செலுத்தவும் உயிரியல் ஆய்வகங்கள் வைத்திருக்கும் அதே ஹெக்ஸாடைமெத்ரின் புரோமைடு. நேர்மின்னூட்டப் பாலிமர் என்பதால் சுவரில் கெட்டியாக அமரும், ஓட்டம் நேர்மின்முனைப் பக்கம் திரும்பும், காரப் புரதங்கள் சுவரிலிருந்து விலகி நிற்கும். பாலிஎத்திலீன்இமைனும் இதே இனம். ஒற்றை அடுக்கு மெல்ல மெல்லக் கரைந்து போகும். அதனால் சில தடவை ஓட்டியதும் மறுபடி பூச வேண்டியிருக்கும். டிடாப் என்ற இரட்டை வால் சர்ஃபாக்டன்டும் (முன்பு சொன்ன டீட்டாப் வேறு) இதே இடத்தில் வரும். கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் லூசியின் குழு இதை நன்றாக ஆராய்ந்தது. சீட்டாப்புக்கு ஒரே வால், கழுவினால் போய்விடும். டிடாப் இரண்டு வால்களால் இறுக்கமான இரட்டை அடுக்காகப் படிவதால் கழுவிய பிறகும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். பூசச் சில நிமிடம், செலவு மிகக் குறைவு. புதிய புரத மாதிரிக்கு எந்த வகைச் சுவர் ஒத்துவரும் என்று ஒரு மதியத்தில் பார்த்துவிட இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்த படி, அடுக்குமேல் அடுக்கு. 1998-இல் கதயாமா, இஷிஹாமா, அசகாவா என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் பாலிபிரீன்மேல் டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட்டைப் பூசினார்கள். நேர், எதிர் என்று மாறி மாறிப் படியும் பாலிமர்கள் பல இடங்களில் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் ஒற்றை அடுக்கைவிட வெகு காலம் நிற்கும். கார பஃபரையும் தாங்கும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. வெளி அடுக்கு டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட் என்றால் சுவரின் மின்னூட்டம் சல்ஃபேட்டிலிருந்து வருகிறது, சல்ஃபேட் பி.எச் 2-இலும் மின்னூட்டத்தோடுதான் இருக்கும். சிலனாலைப் போலப் பி.எச்சுக்குத் தகுந்தபடி ஆடாது. அமிலத்திலும் காரத்திலும் ஏறத்தாழ ஒரே ஓட்டம் கிடைக்கும். முறை உருவாக்கும்போது பி.எச்சை மாற்றிப் பார்க்கிறவர்களுக்கு இது எவ்வளவு நிம்மதி என்பது, வெறும் குழாயில் பி.எச்சை ஏற்றி இறக்கி ஓட்டம் நிலைகொள்ளக் காத்திருந்தவர்களுக்குத் தெரியும். மேலே இன்னொரு பாலிபிரீன் அடுக்கு போட்டு நிறுத்தினால் ஓட்டம் தலைகீழாகிவிடும். அதாவது திசையை, கடைசியாக எந்தக் குப்பியிலிருந்து விட்டோம் என்பதே முடிவு செய்கிறது.

குறை இல்லாமல் இல்லை. இவை எல்லாம் மின்னூட்டம் உள்ள சுவர்கள். நேர்மின்னூட்டச் சுவரில் அமிலப் புரதம் ஒட்டும், எதிர்மின்னூட்டச் சுவரில் காரப் புரதம் ஒட்டும். இரண்டும் கலந்த செல் சாறு போன்ற மாதிரி வந்தால் தடுமாறும். ஓட்டத்தைப் பூஜ்யமாக்கவும் இவற்றால் முடியாது. திருப்பலாம், நிலைப்படுத்தலாம், அவ்வளவுதான்.

நிலையான பூச்சு எப்போது?

பூஜ்ய ஓட்டம் வேண்டும் என்ற இடத்தில்தான் நிலையான நடுநிலைப் பூச்சு தன் விலைக்கு நியாயம் சொல்கிறது. உப்சாலாவின் ஸ்டெல்லன் ஹியெர்டென் 1967-லேயே, மில்லிமீட்டர் அகலமுள்ள சுழலும் குழாய்களில் மெத்தில்செல்லுலோஸ் பூசி ஓட்டத்தை அடக்கியவர். 1985-இல் அவர் தந்த செய்முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: முதலில் மெத்தக்ரில் தொகுதி கொண்ட சிலேனைச் சுவரில் பிணைத்து, அதன்மேல் அக்ரிலமைடை வளர்ப்பது. ஜெல் ஓட்டும் ஆய்வகத்தில் தேவையான பொருள்கள் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும்: அக்ரிலமைடு, பெர்சல்ஃபேட், டெமெட். பிஸ்-அக்ரிலமைடை மட்டும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் குழாய் முழுக்க ஜெல்லாகிவிடும். இதன் பலவீனம் சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்பு. காரத்தில் அது மெல்ல அறுந்துகொண்டே போகும். 1990-இல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் நோவோட்னியின் குழு கிரிக்னார்டு வினை வழியாகச் சிலிக்கான்-கார்பன் பிணைப்பாக மாற்றிக் காட்டியது; காரத்தைத் தாங்கும் தன்மை கணிசமாகக் கூடியது. ஆனால் ஈரம் படாமல் குழாய்க்குள் கிரிக்னார்டு நடத்துவது எல்லா ஆய்வகத்துக்கும் ஒத்துவராது.

பாலிவினைல் ஆல்கஹால் பூச்சு வேறு வழியில் வந்தது. 1994-இல் ஜெர்மனியின் முல்ஹைமில் ஷோம்பர்க் குழு பாலிமர் கரைசலைக் குழாயில் நிரப்பி வெளியேற்றிவிட்டு 140 டிகிரியில் சூடாக்கியது. சூட்டில் சங்கிலிகள் ஹைட்ரஜன் பிணைப்பால் நெருங்கி, தண்ணீரில் கரையாத படலமாகின்றன. ஓட்டம் கிட்டத்தட்ட இல்லை, நீர்விருப்பம் மிகுந்த பரப்பு என்பதால் அமிலப் புரதம், காரப் புரதம் இரண்டுமே பெரிதாக ஒட்டுவதில்லை. கடையில் வாங்கும் நடுநிலைக் குழாய்களில் புரத வேலைக்கு நான் முதலில் கைவைப்பது இதில்தான்.

வாங்கியதும் மறக்கக் கூடாதது: வெறும் குழாய்க்குச் செய்கிற எதையும் இதற்குச் செய்யாதீர்கள். சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுக் கழுவுவது பழக்கத்தில் கை தானாகச் செய்யும் வேலை. ஒருமுறை செய்தாலே பூச்சு வீணாகலாம். கழுவ நீர்த்த பாஸ்பாரிக் அமிலம் போதும். டிடெக்டர் சன்னலைத் தீயால் எரித்து எடுக்கவும் கூடாது. வெளியே உள்ள பாலிஇமைடோடு உள்ளே உள்ள பூச்சும் அந்த இடத்தில் கருகும். சன்னலோடு வரும் குழாயை வாங்குவது உத்தமம். முனைகளைக் காயவிடாமல் தண்ணீர்க் குப்பியில் வைக்க வேண்டும். இரவுப் பணியாளருக்கு இதைச் சொல்ல மறந்தால் காலையில் புதுக் குழாய்க்கு ஆர்டர் போட வேண்டியதுதான். இறக்குமதி என்றால் அது வந்து சேர வாரக்கணக்காகும்.

ஐசோஎலக்ட்ரிக் ஃபோக்கசிங் (பி.எச் சாய்வில் புரதங்களை ஐசோஎலக்ட்ரிக் புள்ளிவாரியாகப் பிரிக்கும் முறை) செய்கிறவர்களுக்கு வேறு வழியில்லை. பி.எச் சாய்வு குழாய்க்குள் அசையாமல் நிற்க வேண்டும். கொஞ்சம் ஓட்டம் இருந்தாலும் சாய்வு முழுவதும் வெளியே நழுவிவிடும். ஒரு முனையில் சோடியம் ஹைட்ராக்சைடு இருப்பதால் காரத்தைத் தாங்காத பூச்சு அந்தப் பக்கத்திலிருந்து அரிக்க ஆரம்பிக்கும். முழுக் குழாயையும் படம்பிடிக்கும் ஐசிஇ3 கருவிகளில் ஃப்ளூரோகார்பன் பூசிய 5 செ.மீ. குழாய் இருக்கும். அதிலும் மாதிரியோடு 0.35 சதவீதம் மெத்தில்செல்லுலோஸ் கலக்கச் சொல்கிறார்கள். நிலையான பூச்சுக்கே பஃபரில் ஒரு துணை தேவைப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இணைப்பில் போட்டி இரண்டு பேருக்கு. பாலிஎத்திலீன்இமைன் போன்ற நேர்மின் பூச்சு, அசிட்டிக் அமில பஃபர், தலைகீழ் முனை: ஓட்டம் வலுவாக அயனி மூலத்தை நோக்கிப் போகும், ஸ்ப்ரே தானே நிற்கும், வேகமாக முடியும். நடுநிலைப் பூச்சு என்றால் புரதங்கள் தங்கள் சொந்த அசைவில் வரும், பிரிதிறன் அதிகம். ஆனால் ஸ்ப்ரேவுக்குத் திரவம் தர ஓட்டம் இல்லை. குழாய் முனையைச் சுற்றிக் கூடுதலாக விடும் ஷீத் திரவமோ உள்வாயில் லேசான அழுத்தமோ கொடுக்க வேண்டும். பெப்டைடு அடையாளம் காணும் அன்றாட வேலைக்கு நான் முன்னதையும், முழுப் புரதத்தின் நெருக்கமான வகைகளைப் பிரிக்கப் பின்னதையும் எடுப்பேன்.

எதை எடுத்தாலும் சோதித்துப் பார்க்கும் விதம் முக்கியம். விற்பவர்கள் காட்டும் படத்தில் லைசோசைம், சைட்டோகுரோம் சி, ரைபோநியூக்ளியேஸ் ஏ, கைமோட்ரிப்சினோஜன் நான்கும் அழகாக நிற்கும். நான்குமே காரப் புரதங்கள். நேர்மின் பூச்சு இந்தத் தேர்வில் எளிதாகத் தேறிவிடும். உங்கள் மாதிரி ஆல்புமின் போன்ற அமிலப் புரதம் என்றால் இந்தப் படத்தால் ஒரு பயனும் இல்லை. ஓட்டத்தை அளக்க, மின்னூட்டமற்ற டிஎம்எஸ்ஓ அல்லது அசிட்டோனைச் செலுத்திக் காத்திருப்பது வெறும் குழாய்க்குச் சரி. நடுநிலைப் பூச்சில் அந்தப் பீக் மணிக்கணக்கில் வராது. அதற்கு வில்லியம்ஸும் விக்கும் 1996-இல் வெளியிட்ட முறை இருக்கிறது: நடுநிலைப் பொருளை மூன்று முறை செலுத்தி, இடையில் சிறிது நேரம் மின்னழுத்தம் கொடுத்து, கடைசியில் எல்லாவற்றையும் அழுத்தத்தால் டிடெக்டர் தாண்டித் தள்ளிவிட்டு, பீக்குகளின் இடைவெளி வித்தியாசத்திலிருந்து ஓட்டத்தைக் கணக்கிடுவது. சில நிமிட வேலை. வாங்கிய அன்று ஒருமுறை, அப்புறம் வாரம் ஒருமுறை இதை ஓட்டி எண்ணைக் குறித்து வையுங்கள். புரதப் பீக் கெடுவதற்கு முன்பே இந்த எண் ஏற ஆரம்பித்துவிடும், 0.1-ஐத் தாண்டியதும் அந்தக் குழாயை ஐசோஎலக்ட்ரிக் வேலையிலிருந்து விலக்கிவிட்டு, அடுத்ததை ஆர்டர் போட்டுவிடலாம்.